லைன் சரியில்ல, மச்சான்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் ஊரில் பல்கனியில் ஒரு கம்பியைக் கட்டினால் மூன்றாம் நாள் கடிதம் வரும். எனக்கும் வந்தது. கட்டடத்தின் அழகைக் கெடுக்கும் பொருளொன்று நான்காம் மாடியில் தொங்குவதாகவும், இரண்டு கிழமைக்குள் அதை அகற்றும்படியும் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். சிற்றலை வானொலி கேட்பதற்காக நான் கட்டிய எட்டு மீற்றர் செப்புக் கம்பி அது. தூரத்து நாட்டு நிலையங்களை இரைச்சலுக்குள் தேடிப் பிடித்துக் கேட்பதுதான் என் பொழுதுபோக்கு. பக்கத்து வீட்டு ஃப்ராவ் கெல்லர் என்னை மாடிப்படியில் நிறுத்தி, அது துணி காயப்போடும் கொடியா என்று விசாரித்தார். சிற்றலைக்கு அவர்களுடைய சொல் ‘கூர்ட்ஸ்வெல்ல’. அவசரத்தில் முன்பாதி எனக்கு வாயில் வரவில்லை. “இஹ் ஹ்யோர வெல்லன்” என்றேன். நான் அலைகளைக் கேட்கிறேன் என்று அர்த்தம். அவர் என் முழங்கையைத் தொட்டார். மறுநாள் என் கடிதப் பெட்டிக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. ஊரை விட்டு வந்து மனம் குழம்பியவர்களுக்கு இலவச ஆலோசனை, செவ்வாய்க்கிழமைகளில். நல்ல மனுசி. நான் கம்பியைக் கழற்றினேன்.

யுத்த காலத்தில், திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள என் ஊரான சல்லியில் கம்பி கட்டியபோது கடிதம் வரவில்லை, ஆமிக்காரர்தான் வந்தார்கள். எங்கள் வீடு கடற்கரையில் கருவாட்டுப் பரண்களுக்குப் பின்னால். கூரையிலிருந்து தென்னைக்கு இழுத்திருந்த கம்பியைத் துவக்கு நுனியால் காட்டி ஒருவன் தனக்குத் தெரிந்த தமிழில், “இது யாருக்குச் செய்தி அனுப்புறது?” என்றான்.

“அனுப்புறேல்ல ஐயா. கேக்கிறது மட்டும்தான்.”

“கேக்கிறது? என்ன கேக்கிறது? யாரிட்டக் கேக்கிறது?”

அவன் மேல் பிழை சொல்ல முடியாது. காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் நாங்கள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான வருடமாகச் சமாளித்து வருகிறோம். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது வாயால் கேட்பது மட்டும். யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்று நான் விளக்க விளக்க அவனுடைய சந்தேகம் கூடிற்று. கடைசியில் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஆளைக் கொண்டுபோகவில்லை, அந்த நாளில் அது பெரிய காரியம்.

ஜவாத் எனக்குக் கிடைத்தது திருகோணமலைத் தபால் கந்தோரில். வெளிநாட்டு முத்திரை வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவனின் கையிலும் ஓர் ஐரோப்பிய வானொலியின் விலாசம் எழுதிய உறை இருந்தது. கிண்ணியாப் பொடியன், பாதையேறி வந்திருந்தான். அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். என் கம்பி போன பிறகு அவனுடைய வீட்டில் இருந்து இருவரும் கேட்டோம். எந்த அலைவரிசை, எத்தனை மணிக்கு, என்ன நிகழ்ச்சி, ஒலி எவ்வளவு தெளிவு என்று அறிக்கை எழுதி அனுப்பினால் நிலையத்திலிருந்து வர்ணப் படம் போட்ட அட்டை வரும். தெளிவை எண்ணால் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் பக்கத்து வீட்டுக்காரன் பேசுவது மாதிரி, ஒன்று என்றால் வெறும் இரைச்சல்.

அவர்களுடைய வீட்டுக்குப் பின்மதில் பள்ளிவாசல். பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினால் ஜவாத்தின் கை தானாகப் போய் ரேடியோவை நிறுத்திவிடும். உலக யுத்தம் தொடங்கிய செய்தி போனாலும் நிறுத்துவான். பாங்கு முடிந்து அவன் தொழுதுவிட்டு வரும்வரை நான் முறுக்குத் தின்றுகொண்டு இருப்பேன். அறிக்கையில் அந்த நேரம் ஓட்டையாக நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் இடையூறு என்ற கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் ‘பாங்கு’ என்று நேர்மையாக எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அட்டையோடு ஒரு கடிதமும் வந்தது. எங்கள் ஒலிபரப்பைக் குழப்பும் பாங்கு வானொலியின் அலைவரிசையையும் அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையும் தயவுசெய்து அறியத்தரவும் என்று ஒரு பொறியியலாளர் கையெழுத்திட்டிருந்தார். ஜவாத் சிரித்துச் சிரித்துக் கதிரையால் விழுந்தான்.

பிறகு நான் இங்கே வந்துவிட்டேன். வந்த கதை எல்லாருடைய கதையும்தான், அதை விடுவோம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காதை மூடிக்கொண்டு எட்டு மணித்தியாலம் வெள்ளைத் துணிகளை மடிக்கிறேன். சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. ஊருக்குப் போய் வர வேண்டும் என்ற எண்ணம்கூடச் சில வருடங்களாக வருவதில்லை. ஜவாத் கிண்ணியாவிலேயே சைக்கிள் சாமான் கடை வைத்துப் பேரப்பிள்ளையும் கண்டுவிட்டான். கம்பியை நான் கழற்றிய செய்தியைச் சொன்னதும், தன் வானொலிக்கு முன்னால் கைத்தொலைபேசியைச் சாத்தி வைத்துக் காணொளி அழைப்பில் என்னைக் கேட்க வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மத்தியானம், அவனுக்குப் பின்னேரம். அவன் குமிழைத் திருப்புவான், நான் கேட்பேன். “எத்தினை போடுவம்? நீயே சொல்லு, நான் எழுதுறன்” என்பான். நான் விரல்களை நீட்டிக் காட்டுவேன். நட்புக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று நினைத்தேன்.

நாங்கள் இருவரும் கதைக்கும்போதுதான் வில்லங்கம். நான் இரண்டு வசனம் பேசினால் அவன், “லைன் சரியில்ல மச்சான், மெசேஜ் போடு” என்பான். அவனுடைய குரல் எனக்கு ஐந்தில் ஐந்து, என்னுடைய குரல் அவனுக்கு ஒன்று. கிண்ணியாவின் இணையத்தைத் திட்டினேன். அவனுடைய தொலைபேசியைத் திட்டிப் புதிது ஒன்று வாங்கி அனுப்பினேன். “இதுவும் சரியில்ல மச்சான்” என்றான். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

போன மாதம் ஒரு ஞாயிறு, சோற்றைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் இருந்தேன். திரையில் ஜவாத். வானொலியில் ஏதோ ஒரு நாட்டுப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவன் வானொலியின் முள்ளை மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பாங்கு தொடங்கியது. பின்மதிலுக்கு அப்பாலுள்ள ஒலிபெருக்கி, என் குசினிக்கே துலக்கமாக வந்தது. அவன் கை எழும்பவில்லை. பாட்டுப் போய்க்கொண்டே இருந்தது. பாட்டும் பாங்கும் ஒன்றோடொன்று மோத, ஜவாத் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “எத்தினை?” என்று கேட்டான்.

எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. லைன் ஒருநாளும் பழுதாக இருந்ததில்லை.

‘உனக்குக் காது கேக்கிறேல்லையா?’ என்று எழுதி அனுப்பினேன். அவன் வாசித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு எழுதினான்: ‘வலது போய் ரெண்டு வருசம். இடதும் இப்ப இல்ல.’

‘ஏன் எனக்குச் சொல்லேல்ல?’

‘நீ கேக்கல்ல.’

ஜெர்மன்காரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. காதுக்கு ‘ஹ்யோரன்’, வாய்க்கு ‘ஃப்ராகன்’. இரண்டில் எதை நான் செய்யவில்லை என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஜவாத் எதை நினைத்து எழுதினான் என்று எனக்குத் தெரியாது. எதை வைத்துப் பார்த்தாலும் குற்றம் என்னுடையது. நாற்பது வருடச் சிநேகிதனிடம் வாராவாரம் ஒலியின் தெளிவைக் கேட்டேன், சுகத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதிலுக்குக் காத்திருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

அடுத்தது கொஞ்சம் பொறுத்து வந்தது. ‘வீட்டில எல்லாரும் கத்துறாங்க. கடையிலயும் கத்துறாங்க. நீ மட்டுந்தான் லைனைப் பிழை சொன்னாய். அது நல்லா இருந்திச்சு மச்சான்.’

நான் அழுதேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக அமையும். அழவில்லை. சோற்றைத் தின்றேன், கோப்பையைக் கழுவினேன், திங்கட்கிழமை வேலைக்குப் போய்த் துணி மடித்தேன். மரத்த பல்லைக் கடித்துப் பார்ப்பது போல ‘ஜவாத் செவிடு’ என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் வலிக்கவில்லை. பயம் மட்டும் இருந்தது. எங்கள் இருவருக்கும் இடையில் கேட்பதைத் தவிர வேறு பிழைப்பு இருந்ததில்லை. அது போனால் அவன் என்னை எதற்காக அழைப்பான்? அவனும் போனால் அந்தக் கரையில் எனக்கென்று ஆர்?

அடுத்த ஞாயிறு அழைப்பு வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. வழக்கம்போல வானொலிக்கு முன்னால் இருந்தான். இந்த முறை பேச்சில்லை, இரண்டு பேரும் எழுதினோம். ‘இப்ப தொழுகைக்கு எப்பிடி?’ என்று கேட்டேன். கொஞ்சம் பிந்தித்தான் என்றாலும் கேட்டேன்.

‘மனுசி முக்காட்டை இழுத்துப் போடுறதப் பாத்து எழும்புறன். இண்டைக்கு அவள் மகள்ட வீட்டில.’

அதற்குப் பிறகு அவன் குமிழைத் திருப்பினான், நான் கேட்டேன். சீன நிலையம், ஆரோ உரையாற்றுகிறார், நாலு. அவன் எழுதிக்கொண்டான். என் யன்னலுக்கு வெளியே சாம்பல் நிற மத்தியானம், கீழே ஃப்ராவ் கெல்லர் குப்பையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். உரைக்கு நடுவில் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. முதல் ‘அல்லாஹு அக்பர்’ எழுந்தது. பள்ளிவாசலின் மதிலில் முதுகு படுகிற தூரத்தில் இருந்தவன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சல்லி முத்துமாரியம்மன் கோயில் திருநீற்றைப் பூசி வளர்ந்த நான், ஜெர்மனியில் ஒரு குசினியிலிருந்து அவனுக்கு எழுதினேன்: ‘பாங்கு சொல்லுறாங்கடா. எழும்பு.’

வாசித்தான். கை நீண்டு வானொலியை நிறுத்தியது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். தொலைபேசியை அணைக்கவில்லை. திரையில் வெறுங்கதிரை. பாங்கின் மிச்சத்தை அந்த அறையில் கேட்பதற்கு என்னைத் தவிர ஆள் இருக்கவில்லை. முடியும்வரை நான் அசையாமல் இருந்தேன்.