மலை சுற்ற முடிகிறதா?

போன வாரம் வேங்கிக்காலில் ஒரு லேபில் எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் அந்தப் பசையை அப்பியதும் வாசனை மூக்கில் ஏறியது, கூடவே கோபமும். "என்னம்மா, துடிப்பு இவ்ளோ ஜாஸ்தியா இருக்கு?" என்றாள் எடுத்த பெண். இத்தனை வருஷத்துக் கோபம் உள்ளே கிடக்கிறது, ஜாஸ்தியாகாமல் என்ன செய்யும்?

எண்பதுகளின் கடைசியில் அதே பசையை ஊரார் நெஞ்சில் அப்பியவள் நான். மெட்ராஸிலிருந்து இதய டாக்டர் ஒருவர் மாதம் ஒரு ஞாயிறு வருவார். சுருங்கிப்போன வால்வைத் தொடை வழியாகப் பலூன் விட்டு விரிப்பது அப்போது புதுசு. அதில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பலூன் வைத்துக்கொண்ட நம் பக்கத்து ஆட்களைத் தேரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து விசாரிப்பார். ஈ.சி.ஜி. எடுப்பதும் படிவம் நிரப்புவதும் என் வேலை. வெள்ளைக் கோட்டு மாட்டியதும் பாதி டாக்டர் என்று நினைப்பு எனக்கு.

என் அக்கா கஸ்தூரியும் அவர்களில் ஒருத்தி. அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். பலூன் வைத்து ஒரு வருஷம் நாற்று நட்டாள், களை எடுத்தாள். அப்புறம் குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொள்வாள்.

டாக்டர் கேட்பது ஒரே கேள்வி. ஒன்பது மைல் கிரிவலம் நடக்கிற ஊருக்குத் தகுந்த மாதிரி அவரே யோசித்தது, அதில் பெருமை வேறு.

"மலை சுத்த முடியுதாம்மா?"

"சுத்திட்டு வந்தேங்க சார், உங்க புண்ணியத்துல."

பச்சைப் பொய். பக்கத்து வீட்டு மாட்டு வண்டியில் உட்கார்ந்து சுற்றியிருந்தாள். தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"அவ்ளோ பெரிய மனுஷன், பைசா வாங்காம உயிர் குடுத்தாரு. முடியலன்னு அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றது? அதுவும் மலை விஷயத்துல."

மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சுற்றினார்கள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "சார், எங்க அக்கா வண்டியில போனாங்க. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாருங்க சார்."

ஸ்டெத்தை ஒரு நொடி வைத்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "பேஷண்ட் சொல்றத எழுதும்மா. நாம நெனைக்கிறத எழுதினா அது ஆராய்ச்சியா?" எக்கோ மெட்ராஸில்தான், அதுவும் சிரமம் என்று வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு மட்டும். 'சிரமம் இல்லை' என்று எழுதினேன். கையெழுத்து அழகு என்று பேர் வாங்கியவள் நான்.

ஐப்பசி மழையில் நுரையீரலில் நீர் கோத்து, பஸ் ஏற்றுவதற்குள் அக்கா போய்விட்டாள். முப்பத்தொரு வயது.

அடுத்த முறை வந்த டாக்டரிடம் சொன்னேன். படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "போன தடவை நல்லாத்தானே இருந்தாங்க? நீதானே எழுதியிருக்க." வருத்தமாகத்தான் சொன்னார். அந்த வருத்தத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருடைய ஆராய்ச்சியில் அக்கா கடைசி வரை சிரமமில்லாமல் மலை சுற்றியவள்.

இப்போது மலைப் பாதையில் தார் போட்டாயிற்று, மாட்டு வண்டி கிடையாது. இதய நோயாளிகளை ஆஸ்பத்திரியில் நடக்கவிட்டே பார்க்கிறார்களாம். அந்த மண்டபத்தையும் இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். வாசலிலிருந்து மணமேடைக்கு நாற்பது அடி இருந்திருக்கும். அதை ஒரு தடவை நடந்து காட்டு என்று அக்காவிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.