பள்ளத்துப் பக்கம் நின்றவர்கள்

தம்பி பிக்கப்பில் டிரெய்லரை மாட்டிப் பின்னால் எடுக்கிறான். அந்தக் கொக்கி கிறீச்சிடும் சத்தம் கேட்டால் போதும், எனக்கு எட்டு வயதாகிவிடும்.

அன்று டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையை மண்சரிவு மூடியிருந்தது. தோட்டத்துப் பிக்கப் இழுத்துவந்த கொழுந்து டிரெய்லரில் அம்மா பிரசவ வலியோடு படுத்திருந்தாள். பக்கத்தில் நான். மாற்றுப் பாதை பிரியும் வளைவு வரை வண்டியைப் பின்னாலேயே எடுக்கவேண்டும். டிரைவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் ஓடியது. பனிமூட்டத்தில் பள்ளத்தின் விளிம்பும் தெரியவில்லை. மலையிலிருந்து ஓடிவந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் "இந்தப் பக்கம்", "அந்தப் பக்கம்" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர் இன்னும் குழம்பினார். ஒரு சக்கரம் விளிம்புக்கே போய்விட்டது.

"கத்தாதீங்கடி! ஓரத்துல வரிசையா நில்லுங்க" என்றாள் பக்கத்து லயத்து வீட்டு மீனாச்சி அத்தை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் நிற்பதுபோல, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி எல்லோரும் நின்றார்கள்.

"அண்ணே, எங்க மேல படாம வாங்க. அது போதும்."

டிரைவர் தலையை வெளியே நீட்டி, அவர்களையே பார்த்தபடி அங்குலம் அங்குலமாக வந்தார். வளைவு வரை ஒருத்தியும் அசையவில்லை.

அன்று அம்மாவின் வயிற்றில் இருந்தவன்தான் இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான்.

"தள்ளி நில்லுங்கக்கா, கண்ணாடியில எல்லாம் தெரியுது" என்கிறான்.

தெரியட்டும். நான் பள்ளத்து ஓரத்தை விட்டு நகரவில்லை.