அந்த வீட்டில் நான் சொல்லாமல் வந்த வார்த்தை

போன வருடம் பங்குனியில் ஆரம்பித்து ஆடிக்குள் முடிந்துபோன விஷயம் இது. நடந்தது திருநெல்வேலியில். நான் பாளையங்கோட்டையில் குடியிருக்கிற ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று பிடித்த வேலை. இன்றைக்கு மூத்தவள் கல்லூரிக்குப் போகிறாள், நான் இன்னமும் ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாய் அலைகிறேன். ஏஜெண்ட் வருகிறாள் என்றால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆள் இல்லாத மாதிரி இருந்துகொள்கிற வீடுகள் உண்டு. அதற்கெல்லாம் ரோஷப்பட்டால் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்காது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். எப்படித்தான் இத்தனை வருடம் ஓட்டினேனோ, எனக்கே தெரியாது.

எங்களுக்கு மார்ச் மாதம்தான் தீபாவளி. சம்பளக்காரர்களை ஆபீஸில் நெருக்குவார்கள்: சேமிப்புக்கு ரசீது கொண்டு வா, இல்லாவிட்டால் வரியைப் பிடித்துவிடுவோம் என்று. மற்ற மாதமெல்லாம் எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிற மனிதர்கள் அந்த ஒரு மாதம் தாங்களாகவே போன் செய்வார்கள். அக்கா, சீக்கிரம் வாங்க, ஒரு பாலிசி போடணும் என்பார்கள். என்ன பாலிசி, எத்தனை வருடம், யார் பேருக்கு, ஒன்றும் கேட்க மாட்டார்கள். ரசீது எப்போது வரும் என்பது மட்டும்தான் கேள்வி.

போன வருடம் அந்தத் தீபாவளிக்கு முடிவு கட்டிவிட்டார்கள். வண்ணார்பேட்டையில் ஓட்டல் ஹால் ஒன்றில் எங்களையெல்லாம் கூட்டி, சென்னையிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் போட்டு விளக்கினார். புதிய வரி முறையில் பிரீமியத்துக்குக் கழிவு கிடையாது, நடுத்தரச் சம்பளத்துக்கு இனி பெரும்பாலும் வரியே வராது, பாலிசியைப் பாதியில் முடித்துப் பணம் வாங்குகிற சரண்டர் விதி மாறிவிட்டது, எங்கள் கமிஷனும் மாறிவிட்டது என்று வரிசையாகச் சொன்னார். இனிமேல் வரியைச் சொல்லி விற்காதீர்கள், பாதுகாப்பைச் சொல்லி விற்றுப் பழகுங்கள் என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினோம். என் பக்கத்தில் மேலப்பாளையத்து ஏஜெண்ட் அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் தட்டவில்லை.

"பாதுகாப்புன்னா மௌத்தத்தானேம்மா சொல்லணும்? அதச் சொன்னா எவன் நம்மள வீட்டுக்குள்ள விடுவான்?" என்றார்.

மௌத் என்றால் சாவு. அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. விற்பது ஆயுள் காப்பீடு, ஆனால் ஆயுள் முடிகிற பேச்சை மட்டும் எங்கள் பக்கத்தில் எந்த ஏஜெண்டும் எடுக்க மாட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் நான் எடுத்திருக்கிறேன். டவுனில் ஒரு வீட்டில், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே, "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னா" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். அந்த ஆளுடைய மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்து, நல்ல நாளும் பொழுதுமா வீட்டுக்குள்ள வந்து அச்சானியமா பேசுதியே, எந்திரிம்மா முதல்ல என்று விரட்டினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிற வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: சாவைப் பேசாதீங்கம்மா, டாக்ஸைப் பேசுங்க. அன்றிலிருந்து டாக்ஸைத்தான் பேசினேன். பிள்ளைக்கு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படி நான் கொடுத்தவர்களில் ஒருவர்தான் சீவலப்பேரிக்காரர். தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் நடத்துகிறவர். என்னைவிட வயதில் சின்னவர். அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். மனைவி வேலைக்குப் போகவில்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம் அவர் கூப்பிட்டார். வரிக் கழிவுக்குச் சேமிப்பு கொஞ்சம் குறைகிறது, சின்னதாய் ஏதாவது ஒன்று போட்டு அதை நிரப்ப வேண்டும் என்றார். நான் யோசித்தேன். இந்த மனிதருக்குப் பென்ஷன் கிடையாது, சொத்து கிடையாது, வீடு கட்டக் கடன் வாங்கப் போகிறேன் என்கிறார். அதனால் அவருக்கு டெர்ம் பாலிசி போட்டேன். கட்டுகிற பணம் திரும்ப வராது. ஆள் போனால் மட்டும் குடும்பத்துக்குப் பெரிய தொகை வரும். என் கமிஷனை நினைத்திருந்தால் வேறு பாலிசி போட்டிருக்கலாம். அவரிடம் நான் சொன்னதெல்லாம் ஒரே வரிதான்: "டாக்ஸுக்கு இது போதும் சார்." அவர் கையெழுத்துப் போட்டார். வருடா வருடம் ஒழுங்காகக் கட்டினார்.

ஓட்டல் கூட்டம் முடிந்த அந்த வாரமே அவர் போன் வந்தது. இந்த வருடம் கட்டவில்லை அக்கா, நிறுத்திவிடலாம் என்றார். நேரில் வருகிறேன் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்தேன். சீவலப்பேரியில் கடன் வாங்கிக் கட்டிய வீடு பூச்சு வேலை பாக்கி நிற்க, அதற்குள் குடிவந்திருந்தார்கள். அவர் மனைவி சிரித்த முகமாக வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காபி வந்தது. பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எதற்காகக் கட்டணும் என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார்.

"டாக்ஸே இல்லன்னு ஆயிப்போச்சுல்லாக்கா. பெறவு இத என்னத்துக்குக் கெட்டணும்? நீங்கதானே டாக்ஸுக்குன்னு போட்டுக் குடுத்தீய?"

நான் கொடுத்த வாழைப்பழத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மாத்திரையை அவர் துப்புகிறார். டாக்ஸ் மட்டும் இல்லை சார், இது குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு என்று, ஓட்டலில் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்தார். பாதுகாப்புக்கு ஊரில் சுடலைமாடன் இருக்கும்போது உங்க கம்பெனி எதற்கு என்றார். நானும் சிரித்து வைத்தேன். இதற்கு மேல் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. நீங்கள் செத்துப்போனால் இந்தப் பிள்ளைகளுக்கு யார் என்று கேட்டுவிட வேண்டும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, நெற்றியில் திருநீறோடு வந்து கணவன் பக்கத்தில் நின்றாள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், கட்டி முடியாத புது வீடு. எப்படிச் சொல்வேன்? டவுன் வீட்டில் வாங்கிய திட்டு காதில் கேட்கிற மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை. பைய யோசிச்சுச் சொல்லுங்க சார், இன்னும் ஒரு மாசம் தவணை இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அந்த அம்மாள் குங்குமம் கொடுத்து அனுப்பினாள்.

பிறகும் போன் செய்தேன். எடுத்தார், விடுங்கக்கா என்றார். மறுபடியும் செய்தேன், எடுக்கவில்லை. வாடிக்கையாளர் கட்டாவிட்டால் ஏஜெண்டே கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது எங்கள் தொழிலில் உள்ளதுதான். அந்த மாதம் என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வேண்டாம் என்கிறவருக்கு நாம் ஏன் கட்டணும் என்று ஒரு வீம்பும் இருந்தது. தவணை முடிந்தது, பாலிசி காலாவதி ஆகிவிட்டது.

ஆனி மாதம் ஒரு நாள் காலையில் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. அவரோடு வேலை பார்க்கிற இன்னொரு வாடிக்கையாளர்தான் எனக்குச் சொன்னார். நான் அப்போது முருகன்குறிச்சி சிக்னலில் நின்றிருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, செல்போனில் அந்தப் பாலிசியைத் தேடினேன். எனக்குத் தெரியாமல் அவர் கட்டியிருக்க மாட்டாரா, கடைசி நாளிலாவது கட்டியிருக்க மாட்டாரா என்று ஒரு நப்பாசை. காலாவதி என்றுதான் காட்டியது. அங்கிருந்து நேரே எங்கள் கிளை அலுவலகத்துக்குப் போனேன். விட்டுப்போன பாலிசியைப் புதுப்பிக்க வருடக்கணக்கில் அவகாசம் உண்டே என்று அங்கிருந்தவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாவம், பொறுமையாகச் சொன்னார். அவகாசம் இருக்கும்மா, ஆனா ஆள் உயிரோட இருக்கணும்.

சாவு வீட்டுக்குப் போனபோது கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டு, அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த பிறகுதான் போனேன். களக்காட்டில் வாழை விவசாயம் பார்க்கிற அவளுடைய அண்ணன் வந்திருந்தார். நான் இன்சூரன்ஸ்காரி என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது, மாப்பிள்ளை ஏதாவது போட்டு வைத்திருந்தாரா என்று கேட்டார். மறைக்க முடியுமா? இருந்தது, பங்குனியோடு நிறுத்திவிட்டார் என்று சொன்னேன். கட்டியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்றும் அவர் கேட்டார். சொன்னேன். கடனை அடைத்து, இரண்டு பிள்ளைகளையும் கரையேற்றியிருக்கும். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த அம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அது ஆள் போனா வாற பணமாக்கா? எனக்கு டாக்ஸுன்னுல்லா தெரியும். நாந்தான் அவியட்ட சொன்னேன், அத நிப்பாட்டிட்டு அந்தக் காசுக்கு ஜன்னலுக்குக் கதவு போட்டுருவோம்னு. போட்டோம். இன்னா இருக்கு பாருங்க."

புது மரத்தில், வார்னிஷ் மினுமினுக்க, இரண்டு ஜன்னல் கதவுகள். நான் பார்த்தேன். அந்த அம்மாளின் குரல் ஏறவே இல்லை.

"நீங்க வந்தன்னைக்கு நானும் அங்கனதானே நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாக்கா."

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எப்படிச் சொல்வேன் என்று கேட்டிருந்தால் அது பதிலாக இருந்திருக்காது. ஒரு குடும்பத்தின் சோற்றைவிட எனக்கு என் மரியாதை பெரிதாக இருந்திருக்கிறது. நல்ல சகுனம், கெட்ட சகுனம் என்பதெல்லாம் பிறகுதான். என்னை யாரும் வாசலிலிருந்து விரட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

இப்போது அவள் பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே பார்க்கிற வேலைக்கு வருகிறாள். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்றிவிட்டார்கள். வீட்டை விற்கப் பேசுகிறார்கள் என்று கேள்வி. பஸ் ஸ்டாண்டில் சில நாள் எதிரே பார்ப்பேன். நான் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பேன், அவள்தான் வந்து நலம் விசாரிப்பாள். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் தன் மேல்தான். நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன், நாந்தான் என் பிள்ளையள நடுத்தெருவுல விட்டுட்டேன் என்று அவள் அண்ணனிடம் சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். உன் மேல் தப்பில்லை என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டுவாள், ஏற்றுக்கொள்ள மாட்டாள். சாகிற வரைக்கும் அவள் அதைச் சுமக்கத்தான் போகிறாள், அதை இறக்கி வைக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை.

பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள், இனி வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று கூடவேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். போகட்டும். நான் இப்போதெல்லாம் போகிற வீட்டில் உட்கார்ந்ததும் சாவைத்தான் பேசுகிறேன், கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்கும்போதே பேசுகிறேன். பாதி வீடுகளில் காபிகூடக் கிடைப்பதில்லை. போன மாதம் ஒரு வீட்டில், நீ விளங்குவியா என்று கேட்டே விட்டார்கள். கேட்டுக்கொண்டு வருகிறேன். எத்தனை வீட்டில் திட்டு வாங்கினாலும், சீவலப்பேரியில் அந்த வெள்ளிக்கிழமை திட்டு வாங்காமல் குங்குமத்தை வைத்துக்கொண்டு திரும்பி வந்தேனே, அது மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.