எருமை குத்திய அம்மை

எழுபதுகளின் தொடக்கத்தில் செட்டிகுளத்துக்கு, சுகாதாரத் துறை ஊழியனாக, பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்தப் போனேன். டீக்கடை வாசலில் ஒரு பால்காரம்மா கையை நீட்ட மறுத்தார். நெடிய உருவம்; பேசப்பேச, தழும்பேறிய விரல்களில் சொடக்கெடுத்துக்கொண்டே இருந்தார்.

“கை வீங்கினா நீங்களா வந்து எருமையைக் கறப்பீங்க? அது மடிக்கொப்புளம் போன வருசம் என் விரல்லயும் பொங்கிருச்சு. எனக்கு எருமையே குத்திட்டுது சார்.”

கடைக்காரர் சிரித்தார். “எருமைக்கு எந்த ஆபீஸ்ல உத்தியோகம்?”

அந்தம்மா என்னிடம் திரும்பினார். “உங்க மருந்து எங்கேருந்து வருது?”

“கன்னுக்குட்டித் தோல்லேருந்தும்மா.”

“அதுவும் மாட்டுச்சாதிதானே? குத்துங்க. பொங்காது.”

குத்தினேன். எட்டாம் நாள் போனபோது எருமையடியில் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார். குத்திய இடத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை; ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்பில்தான் அப்படிப் பொங்காது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். ‘குத்தியவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதக் கை வரவில்லை.