மாடி வேண்டாம் என்று சொன்னவன்

லாகோஸில் கீழ் வீட்டை எடுக்கும்படி என் மகளுக்கு யோசனை சொன்னவன் நான். அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் அவள் இன்ஜினியர். போன புதிதில் கம்பெனி இரண்டு வீடுகளைக் காட்டியது, எதை எடுக்கட்டும் என்று போனில் கேட்டாள். பெரம்பலூரில் மொட்டை மாடிக்கு அடியில் வாடகைக்குக் குடியிருந்து சித்திரைக்குச் சித்திரை வெந்து நொந்தவன் நான். "மாடி வேண்டாம்மா, ஆப்பிரிக்கா வெயிலு. கீழ் வூடா பாத்து எடு" என்று பெரிய அனுபவசாலி மாதிரிச் சொன்னேன். வேறு எதிலும் என் பேச்சைக் கேட்காதவள், இதைக் கேட்டுக்கொண்டாள்.

அங்கே மழை என்று அவள் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் மழை என்றாலே நல்ல சேதிதானே. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவர்களிடம்கூட, "பாப்பா இருக்கிற ஊர்ல நல்ல மழையாம்" என்று பீற்றிக்கொள்வேன்.

போன வருடம் ஆனியில் ஒரு நாள், பதினோரு மணி டிரிப். அரியலூருக்கு பஸ்ஸை எடுக்க வேண்டும். லாகோஸில் அப்போதுதான் விடிகிற நேரம். போனில் அவள் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்து கிடந்தது. "அப்பா, வூட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு. முட்டிக்கு மேல நிக்கிது. கதவத் தொறக்க முடியலப்பா." அவ்வளவுதான். திருப்பி அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

போனைக் கண்டக்டரிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "நீங்க இறங்கிக்கிங்கண்ணே, வேற டிரைவரப் பாக்கலாம்" என்றார். இறங்கி என்ன செய்வது? ஓட்டினால் மனசு ஓரிடத்தில் நிற்கும் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டேன். அது தப்பு. ஐம்பது பேரை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டியிருக்கக் கூடாது.

வெளியே அனல் அடித்தது. பேரளி வரைக்கும் ரோட்டைப் பார்த்தேனா என்றே நினைவில்லை. எதிரே வந்த சிமெண்ட் லாரி மண்ணில் இறங்கி ஒதுங்கியது. வழக்கமாக லாரிக்காரர்களைத் திட்டுகிறவன் நான். அன்று அவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். அந்தக் கதவு உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கம் திறப்பதா? இது ஒன்றே மண்டைக்குள் ஓடியது. குடிபோன அன்று வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினாளே, கதவையா பார்த்தேன்? ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதா என்று பார்த்தேன்.

அரியலூர் நெருங்கும்போது கண்டக்டர் ஓடிவந்து போனை நீட்டினார். தெரியாத நம்பர். வண்டியை ஓரங்கட்டினேன்.

"அப்பா" என்றாள்.

பஸ்ஸே பார்த்துக்கொண்டிருக்க அழுதேன். மாடி வீட்டுக்காரர்கள் வெளியிலிருந்து ஜன்னல் கம்பியைப் பெயர்த்து அவளை இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். அவர்கள் போனிலிருந்துதான் பேசினாள்.

"அந்த ஊரே வேண்டாம், வந்துரும்மா" என்றேன்.

"ஊரு என்னப்பா பண்ணும்? பக்கத்துலதான் எங்க கம்பெனி சைட்டு. அங்க ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. புது வூடெல்லாம் முழுவக் கூடாதுன்னு ஆறடிக்கு மண்ணு கொட்டி உசத்திட்டோம். அங்க நிக்க வேண்டிய தண்ணி பூரா எங்க தெருவுக்கு வந்துருச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எந்த மடையன் ஆறடிக்குக் கொட்டச் சொன்னது?" என்றேன்.

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"எத்தன அடி கொட்டணும்னு லெவல் பாத்துக் குடுத்ததே நான்தாம்பா" என்றாள்.