அம்மா முழங்காலில் நின்ற பின்னேரம்

தம்பி பிறப்பதற்கு ஒரு மாதம் இருக்கையில் அவன் அம்மாவின் வயிற்றுக்குள் பிழையான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தலை கீழேதான் இருந்தது. முதுகு மட்டும் அம்மாவின் முதுகோடு ஒட்டியிருந்தது. அப்படியே பிறக்க வந்தால் நேரம் கூடுதலாக எடுக்கும், முதுகுவலியும் பொல்லாததாக இருக்கும் என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி சொல்லியிருந்தார். பிள்ளையைத் திரும்ப வைக்க அவர் சொன்ன வைத்தியத்தில் மருந்தே கிடையாது. சோபாவில் சாய்ந்து கிடக்கக் கூடாது. முன்பக்கம் குனிந்தே இருக்க வேண்டும். நாளுக்குச் சில தடவை கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வயிற்றைத் தொங்கவிட்டு, இடுப்பை மெல்ல ஆட்ட வேண்டும். பிள்ளையின் பாரமான முதுகு தானாகவே முன்னுக்கு உருண்டு வருமாம்.

இதெல்லாம் எட்டு வயதுச் சிறுமியான எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாங்கள் கொழும்பிலிருந்து ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதன் புறநகரான பாபகூராவில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் தனியே நடந்து வந்து பின்கதவால் நுழைவேன். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பார்.

அன்று குசினியில் அம்மா இல்லை. கூப்பிட வாயெடுத்தவள் முன்னறையை எட்டிப் பார்த்தேன். திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. யன்னலுக்குக் கீழே அம்மா நாலு காலில் நின்றார். தலை தொங்கிக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை.

புத்தகப் பையைப் போட்டுவிட்டு நானும் தரையில் விழுந்தேன்.

அம்மாவை அப்படி அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கொழும்பில் கலவரம் நடந்த அன்று. ஆட்கள் கத்திக்கொண்டு தெருவில் வந்தபோது, யன்னலில் தலை தெரியக் கூடாதென்று, என்னைத் தன் வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு அம்மா அறைக்கு அறை தவழ்ந்தார். நான் அழத் தொடங்கியதும் என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் வெங்காய மணம் இருந்தது. யாரோ எங்கள் கேற்றைப் பிடித்து உலுக்கினார்கள். பிறகு பக்கத்து வீடு எரிந்தது. எங்கள் வீட்டை ஏன் விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வந்துவிட்டார்கள். இவ்வளவு கடலையும் தாண்டி, பாபகூராவில் எங்கள் தெருவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை. தவழ்ந்து போய் அம்மாவுக்குக் கீழே என் பழைய இடத்தில் புகப் பார்த்தேன். இடம் இல்லை. அங்கே தம்பி இருந்தான்.

"அம்மா, எத்தினை பேர்?" என்று கிசுகிசுத்தேன்.

"என்ன பிள்ளை? ஆர் எத்தினை பேர்?"

அந்த நேரம் பார்த்து முன்கதவை யாரோ தட்டினார்கள். அம்மா குரல் கொடுக்க வாயைத் திறந்தார். நான் பாய்ந்து இரண்டு கைகளாலும் அந்த வாயைப் பொத்தினேன்.

அம்மா என் கைகளை விலக்கவில்லை. வெளியே சரளைக்கல்லில் காலடிகள் வீட்டைச் சுற்றி வந்தன. யன்னலடியில் நின்றன. மறுபடி நடந்தன. நான் பூட்டாமல் விட்ட பின்கதவு கிரீச்சிட்டபோது எனக்கு மூத்திரம் போய்ப் பள்ளிச் சட்டை நனைந்துவிட்டது.

உள்ளே வந்தது தாதிதான். எங்கள் இருவரையும் தரையில் கண்டதும் அவருக்குப் பெரிய சந்தோஷம். மகளும் சேர்ந்து பயிற்சி செய்கிறாளே, கெட்டிக்காரி என்று ஆங்கிலத்தில் புகழ்ந்தார்.

அம்மா சிரிக்கவில்லை. ஈரச் சட்டையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஒருத்தரும் வரேல்லை, குஞ்சு. இஞ்சை ஒருத்தரும் வரமாட்டினம். பிள்ளை மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு கிடக்குது. அதைத் திருப்பத்தான் இப்பிடி நிண்டனான்."

"திரும்பாட்டி?"

"திரும்பும்."

தாதி என் கையைப் பிடித்து அம்மாவின் தொப்புளுக்கு அருகே வைத்தார். குட்டிக் கால்கள் உதைத்தன. முதுகு முன்னுக்கு வந்துவிட்டால் அந்த இடம் வழவழவென்று உரமாக இருக்கும் என்றார். அன்றிலிருந்து எனக்குப் புதிய பயம். தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பேன். கால்கள்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அம்மா தரையில் முழங்கால் போடவேயில்லை. குசினி மேசையில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து இடுப்பை ஆட்டினார். கதிரையில் மறுபக்கமாகத் திரும்பி இருந்து, அதன் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரேடியோ கேட்டார். திரைச்சீலைகள் நாள் முழுக்கத் திறந்திருந்தன.

"நேர்ஸ் முழங்காலிலை நிக்கச் சொன்னவ எல்லே?" என்று அப்பா கேட்டார்.

"முழங்கால் நோகுது, விடுங்கோ."

நான் அதை நம்பினேன். தினமும் நல்லெண்ணெய் கொண்டுவந்து அந்த முழங்கால்களில் தேய்த்தேன். அம்மா காலை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை என் கைக்குக் கீழே உதைகள் இல்லை. உரமாக, வழவழவென்று முதுகு இருந்தது. பயிற்சிதான் காரணம் என்றார் தாதி. பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி என்றார் அப்பா. என் எண்ணெய்தான் என்று நான் நினைத்தேன். சில பிள்ளைகள் ஒன்றும் செய்யாமலே திரும்பிவிடுவதுண்டாம். தம்பி சுகமாகப் பிறந்தான்.

அம்மாவுக்கு முழங்கால் நோவே இருந்ததில்லை என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் அம்மாவின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தபோது வெளியே நடப்பது தாதி என்று அவருக்குத் தெரியும். அது அம்மா தாதியை வரச்சொன்ன நேரம். ஆனாலும் காலடிகள் யன்னலடியில் வந்து நின்றபோது, தரையில் ஊன்றியிருந்த அம்மாவின் கைகள் நடுங்கின. வயிற்றுப் பாரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.