அண்ணி பிரிக்காத பெட்டி

காலமெல்லாம் நன்மை செய்யக் கையாண்ட பொருளே வேறோர் இடத்தில் நஞ்சாகிக் கிடந்தது என்று தெரியவந்தால், செய்த நன்மையை ஒருவர் என்ன பெயர் சொல்லி அழைப்பது? பல் டாக்டரான தன் அண்ணியைப் பார்க்கும்போதெல்லாம் நாத்தனாருக்கு இந்தக் கேள்வி எழும். அண்ணியின் கிளினிக்கில் கருவிகளைக் கழுவி, எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுடையது.

தெருவில் அண்ணிக்கு ‘வெள்ளிக்கை’ என்று பெயர். சொத்தைப் பல்லில் அவர் வைத்த வெள்ளி அடைப்பு லேசில் அசையாது. பல்லு விழுந்தாலும் விழும், டாக்டரம்மா அடைச்சது விழாது என்று ஒரு லாரி டிரைவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த வெள்ளியில் ஏறக்குறையப் பாதி பாதரசம். பல்லில் இறுகிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். மிஞ்சிய துகள் சாக்கடையில் போனாலோ, குப்பையோடு எரிந்தாலோதான் வினை. ஆற்றில் இறங்கி, மீனுக்குள் ஏறி, கடைசியில் நம் தட்டுக்கே வந்து சேரும்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்த அண்ணி மறுநாளே எதையும் தலைகீழாகப் புரட்டிவிடவில்லை. அந்த நிதானத்தைத்தான் நாத்தனார் முதலில் மதித்தாள். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிறவர்களுக்கும் இனிப் பாதரசம் இல்லாத வெள்ளை அடைப்பு மட்டும் என்றார் அண்ணி. நாற்காலியிலிருந்து போகும் குழாயில் துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்தினார். மிஞ்சிய வெள்ளி, வெள்ளியோடு பிடுங்கிய பல், எல்லாம் இறுக மூடும் ஒரு டப்பாவுக்குள் போயின. நிரம்பியதும் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையின் வண்டி வந்து எடுத்துப்போகும். டப்பா இருக்கும் அலமாரியின் சாவியை நாத்தனாரிடம் கொடுத்தார்.

அதுவரை யாரும் அவளை நம்பி ஒரு சாவி கொடுத்ததில்லை. துடைத்த மேஜையையே திரும்பத் துடைக்கிறவள் என்று பிறந்த வீட்டில் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பைத்தியத்துக்கு இங்கேதான் மரியாதை கிடைத்தது.

அதே பைத்தியம்தான் காலையும் வாரியது. ஒருநாள் டப்பாவைத் திறந்தபோது, வெள்ளி அடைத்த பற்களில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது அவள் கண்ணை உறுத்தியது. தூக்கிப்போடுகிற பல்லானாலும் அழுக்காகவா போக வேண்டும்? தட்டில் பரப்பி, கருவிகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சூடு பட்டால் பாதரசம் ஆவியாகிவிடும், அந்தப் பல்லை மட்டும் அதில் வைக்காதே என்று அண்ணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சுத்தம் என்று வந்ததும் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

வேலை முடிந்து அவள் மூடியைத் திறக்கவும் அண்ணி உள்ளே வரவும் சரியாக இருந்தது. அண்ணி தட்டைப் பார்த்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினார். காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். லாரி டிரைவர் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“என்ன டாக்டரம்மா, நாத்தனார் அடுப்பு கிடுப்பு பத்தவச்சுட்டாங்களா?”

“அவ மேல தப்பில்லைங்க. நான்தான் ஒழுங்கா சொல்லிக் கொடுக்கல.”

பின்னால் நின்ற நாத்தனாருக்கு, நாலு வசவு விழுந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

காற்றில் பாதரசத்தை அளக்கும் கருவியோடு ஆள் வந்து, இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகே கிளினிக் திறந்தது. ஸ்டெரிலைசர் ஆலை வண்டியில் போய்விட்டது. அதுவரைக்கும் அவள் சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே திரிந்தாள். அண்ணி கேட்பார், கொடுத்துவிட வேண்டும். கேட்கவே இல்லை. திறந்த அன்று அவளே அதை மேஜைமேல் வைத்தாள்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. எனக்கு வேணாம்.”

அண்ணி கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். “நான் எத்தனை வருஷம் அந்தத் துகளை வாஷ்பேசின்ல கழுவி விட்டிருக்கேன் தெரியுமா? என்கிட்டருந்து யாரும் எதையும் பிடுங்கல. எடுத்து வை.”

அவள் எடுத்துக்கொண்டாள். அதற்குள் லாரி டிரைவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கடைவாய்ப் பல்; வெள்ளியே வைக்கச் சொன்னார். வெள்ளையெல்லாம் சினிமாக்காரர்களுக்கு, தனக்கு எதற்கு என்றார். அவருக்கு வைக்கத் தடை ஒன்றும் இல்லை. அந்தப் பல்லுக்கு வெள்ளிதான் அதிகம் உழைக்கும் என்பதும் அண்ணிக்குத் தெரியும். இழுப்பறையில் வெள்ளி அடைப்புக்கான பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது.

அண்ணி அதை எடுத்தார். ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு நாத்தனாரிடம் நீட்டினார்.

“இதையும் அலமாரில வச்சுப் பூட்டு. வண்டி வந்தா கொடுத்துடு.”

“புதுசு அண்ணி. ஏன்?”

அவளுக்காகவா, ஆற்றுக்காகவா, அத்தனை வருஷம் கழுவிவிட்டதற்காகவா? பின்னாலும் அவள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அண்ணி அன்று செய்ததையேதான் என்றும் செய்தார். நாற்காலிப் பக்கம் திரும்பி, விளக்கை இறக்கி, “நல்லா வாயத் திறங்க” என்றார்.